பள்ளிக்கூடத்துப் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள்: வாசகர் கேள்விகளும் விடைகளும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பல, பள்ளிகளில் ஒரு காலத்தில் ஓடிய தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பற்றியவை. அவற்றுக்கு மட்டும் இந்த இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: காரிமங்கலம் வட்டாரத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை நான். பொருள் அறையைச் சுத்தம் செய்தபோது, நான்கு கால்களும் முன்புறம் பக்கவாட்டில் இழுத்து மூடும் மரக்கதவும் கொண்ட ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கிடைத்தது. நிறுவனத்தின் பெயர்த் தகடு விழுந்துவிட்டது. கழிவுப் பொருள்களோடு சேர்த்து ஏலம் விடுவதற்கு முன், இது எந்தக் காலத்தது, எப்படிப் பள்ளிக்கு வந்தது என்று அறிய வழி உண்டா ஐயா?

பதில்: உண்டு அம்மா. ஏலத்துக்கு முன் கேட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவை ஒருவரும் ஒரு முறைகூட உற்றுப் பார்க்காமலே எடைக்குப் போய்விட்டன.

நீங்கள் சொல்லும் அமைப்பு கறுப்பு வெள்ளைக் காலத்துக்கு உரியது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது; வண்ண ஒளிபரப்பு 1982இல், தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும், அதன் பிறகு 1980களின் பெரும்பகுதியிலும், மரப் பெட்டியும் பூட்டக்கூடிய இழுவைக் கதவும் கொண்ட பெரிய கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் விற்பனையில் இருந்தன. சென்னையில் உருவான சாலிடேர், டயனோரா, ஐதராபாத்தின் அரசு நிறுவனமான எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் தயாரித்த இ.சி., கேரள அரசின் கெல்ட்ரான் ஆகியவை அக்காலப் பெயர்களில் சில. பெயர்த் தகடு விழுந்துவிட்டாலும், அது ஒட்டியிருந்த இடத்தில் மரத்தின் நிறம் சுற்றிலும் இருப்பதைவிடச் சற்று அடர்த்தியாக இருக்கும். தகட்டின் வடிவமும், அதைப் பிடித்திருந்த துளைகளின் இடைவெளியும் அங்கே தெரியும். பக்கவாட்டிலிருந்து கைவிளக்கின் ஒளியைச் சாய்த்து அடித்துப் புகைப்படம் எடுத்தால், கண்ணுக்கு எட்டாத எழுத்துத் தடமும் சில நேரங்களில் படத்தில் விழும். அதே வடிவத் தகடு உள்ள இன்னொரு பெட்டியோடு ஒப்பிட்டால் நிறுவனத்தைக் கண்டுகொள்ளலாம்.

அடுத்து முன்பக்கக் குமிழ்களைப் பாருங்கள். கடக் கடக் என்று திரும்பும் பெரிய குமிழும், அதைச் சுற்றி 2 முதல் 12 வரை எண்களும் இருந்தால், அது அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் பழைய சுழல் ட்யூனர். குமிழுக்குப் பதிலாக வரிசையாக அழுத்தும் பொத்தான்களும், சிறு மூடிக்குள் விரலால் உருட்டும் சக்கரங்களும் இருந்தால், அது அதற்கு அடுத்த தலைமுறை. படம் மேலும் கீழுமாக உருண்டோடும்போது நிறுத்துவதற்கான ‘வெர்டிகல் ஹோல்டு’ குமிழ் வெளியில் இருப்பதும் பழமையின் அடையாளமே. நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருந்தால் அதை வண்ணப் பெட்டி என்று கொள்ளலாம்.

பின்பக்கம் இன்னும் அதிகம் பேசும். ஆன்டெனாவின் தட்டையான இரட்டைக் கம்பியை முறுக்கி மாட்டுவதற்கு இரண்டு திருகுகள் இருக்கும். அவற்றோடு மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத் துளைகளும் இருந்தால், வீடியோ பிளேயரை நேரடியாக இணைக்கும் வசதி பரவிய பிற்காலத்துப் பெட்டி அது. தயாரிப்பாளர் முகவரித் தாள் மிஞ்சியிருந்தால், ‘மெட்ராஸ்’ என்று அச்சாகியிருக்கிறதா, ‘சென்னை’ என்றா எனப் பாருங்கள். பெயர் 1996இல் மாறியது. பழைய தாள்களை நிறுவனங்கள் தீரும் வரை ஒட்டியிருக்கக் கூடும் என்பதால், இதை ஓரிரு ஆண்டு தளர்வோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி பள்ளிக்கு எப்படி வந்தது என்பதற்கு, பக்கவாட்டிலோ முதுகிலோ வெள்ளைப் பெயின்டில் எழுதியிருப்பதே முதல் சான்று. ‘ஊ.ஒ.ந.நி.பள்ளி’ என்று எழுதி அருகில் ஓர் எண்ணும் இருந்தால், அது உங்கள் பள்ளியின் தளவாடப் பதிவேட்டு வரிசை எண்ணாக இருக்கலாம். வெறும் ஊராட்சியின் பெயர் மட்டும் இருந்தால், சாவடிக்கு அருகில் இருந்த ஊராட்சித் தொலைக்காட்சி அறையின் பெட்டி, அந்த அறை பழுதான பிறகு பள்ளிக்கு வந்ததோ என்று விசாரிக்க வேண்டும். நம் ஊர்களில் அத்தகைய சிறு அறைகள் பல, இன்றும் கதவின்றி நிற்கின்றன. பள்ளிப் பெட்டியையும் ஊராட்சிப் பெட்டியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே இந்த ஆய்வில் அடிக்கடி நேரும் பிழை. கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் வசதி உண்டு: அம்மாவட்டம் தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9 அன்று. ஆகவே ஊத்தங்கரை, பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பள்ளி ஒன்றின் பெட்டியில் ‘தருமபுரி மாவட்டம்’ என்று எழுதியிருந்தால், அந்த எழுத்து அந்த நாளுக்கு முற்பட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம்.

உள்ளே பார்ப்பதற்கு அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அழையுங்கள். ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன். உள்ளிருக்கும் ஐ.சி. என்னும் மின்னணுச் சில்லுகளிலும், மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் சிலவற்றிலும் நான்கு இலக்கக் குறியீடு இருக்கும். 8723 என்றால் 1987ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அத்தகைய குறியீடுகளில் மிகப் பிந்தியது எதுவோ, பெட்டி அதற்குப் பிறகே முழுமை பெற்றிருக்க முடியும். ஆனால் பழுது நீக்கியபோது மாற்றிய பாகங்கள் இந்தக் கணக்கைக் கெடுக்கும். பற்றவைத்த ஈயம் மற்ற இடங்களைப் போல் சீராக இல்லாமல் குவிந்து பளபளத்தால் அந்தப் பாகத்தை ஒதுக்கிவிடுங்கள். படக்குழாயின் கழுத்தருகே ஒட்டியுள்ள தாளில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் இருந்தால், அந்த எழுத்தை அடுத்து வரும் எண் திரையின் மூலைவிட்ட அளவைச் சென்டிமீட்டரில் குறிக்கும். குறியீடு ‘டபிள்யூ’ என்று முடிந்தால் கறுப்பு வெள்ளை, ‘எக்ஸ்’ என்று முடிந்தால் வண்ணம். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் கறுப்பு வெள்ளைக் குழாய்கள் தயாரித்து வந்ததால், அதன் பெயரைக் குழாயில் கண்டு பெட்டியே அந்த நிறுவனத்தினுடையது என்று எண்ணிவிட வேண்டாம். மெக்கானிக்குகள் சிலர், பழுது பார்த்த தேதியைப் பின்மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வைப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சான்று அதுதான். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஓர் உழைப்பாளியின் கையெழுத்து அது.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்ட பிறகு பதிவேடுகளுக்கு வாருங்கள். தளவாடப் பதிவேடு இல்லாவிட்டாலும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தீர்மானப் புத்தகத்தில் நன்கொடையாகவோ, தணிக்கைக் குறிப்பில் ‘பழுதடைந்த நிலையில்’ என்றோ, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் ஒரு வரியாகவோ அந்தப் பெட்டி இருக்கக்கூடும். தலைமையாசிரியர்கள் மாறும்போதெல்லாம் எழுதப்பட்ட ஒப்படைப்புப் பட்டியல்களை வரிசையாக வைத்து, எந்தப் பட்டியலில் அது முதன்முதலாகத் தோன்றுகிறது என்று பார்ப்பது நல்ல வழி.

கேள்வி: பென்னாகரத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறேன். எங்கள் பள்ளியின் பழைய பெட்டியை ஆண்டு விழாவில் ஓடவிட்டுக் காட்ட ஆசை. மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. பல ஆண்டுகள் கிடந்த பெட்டியில் கெப்பாசிட்டர்கள் உலர்ந்திருக்கும். திடீரென்று மின்சாரம் பாய்ந்தால் அவை வெடிக்கலாம், தூசியும் எலி கடித்த வயரும் தீப்பற்றலாம். பழைய பெட்டிகள் பலவற்றில் உள்ளிருக்கும் உலோகச் சட்டமே மின் இணைப்போடு நேரடியாகத் தொடர்பு கொண்டது. படக்குழாய்க்குச் செல்லும் மின்னழுத்தம் கறுப்பு வெள்ளைப் பெட்டியிலேயே பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல். பெரிய வண்ணப் பெட்டியில் இருபதாயிரத்தையும் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னேற்றம் குழாயில் தங்கியிருக்கும். குழாயின் உள்ளே வெற்றிடம் என்பதால், கழுத்துப் பகுதியில் அடிபட்டால் உடையும்; முகக் கண்ணாடி நொறுங்கினால் துண்டுகள் வேகமாகச் சிதறும். வண்ணக் குழாய்க் கண்ணாடியில் ஈயமும் உண்டு. ஆகவே பின்மூடியைக் கழற்றாமல், திரையை மார்போடு அணைத்தபடி இருவர் சேர்ந்து தூக்கி, துடைத்து, மேசைமேல் வைத்துக் காட்சிப்படுத்துங்கள். ஓடித்தான் ஆக வேண்டும் என்றால், படக்குழாய்ப் பெட்டிகளில் பழகிய மெக்கானிக் முதலில் சோதித்து, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்க்கட்டும். இன்றைய ஒளிபரப்பை அது தானாகப் பிடிக்காது என்பதால் செட்டாப் பெட்டியும், மிகப் பழைய பெட்டியானால் அதன் சமிக்ஞையை ஆன்டெனா வழியாக அனுப்பும் மாடுலேட்டரும் தேவைப்படும்.

கழிக்க முடிவெடுத்தாலும் குழாயை உடைத்துச் செம்புக் கம்பியை எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள். தொலைக்காட்சிப் பெட்டிகள் மின்னணுக் கழிவு விதிகளுக்கு உட்பட்டவை. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே அவற்றை ஒப்படைக்க வேண்டும்.

கேள்வி: ஓசூரில் வசிக்கிறோம். என் மாமியார் கர்நாடகத்தின் ராய்ச்சூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். அவர் படித்த தொடக்கப் பள்ளியில், கோழி வலையால் செய்த பெரிய குடை ஒன்றை நிறுத்தி, காலையில் தொலைக்காட்சியில் பாடம் காட்டினார்கள் என்கிறார். வீட்டில் யாரும் நம்புவதில்லை. உண்மையாக இருக்குமா?

பதில்: முற்றிலும் உண்மை. உங்கள் மாமியார் சொல்வது 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்த செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை. அமெரிக்காவின் நாசாவிடமிருந்து ஏ.டி.எஸ்.-6 என்ற செயற்கைக்கோளை ஓராண்டுக்குப் பெற்று, நம் இஸ்ரோ அதை நடத்தியது. ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் அதில் இடம்பெற்றன. கர்நாடகத்தில் ராய்ச்சூர், குல்பர்கா, பிஜாப்பூர் மாவட்டங்கள். காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கும், மாலையில் ஊராருக்கும் நிகழ்ச்சிகள். ‘குடை’ என்று அவர் சொல்வது ஏறத்தாழ 3 மீட்டர் விட்டமுள்ள வலை ஆன்டெனா; அது உண்மையிலேயே கோழி வலைக் கம்பியால் செய்யப்பட்டது. செயற்கைக்கோளிலிருந்து நேராகச் சிற்றூர்ப் பெட்டிக்கே படம் இறங்கிய அந்த ஏற்பாடு, உலகிலேயே அத்தனை பெரிய அளவில் அதற்கு முன் நடந்ததில்லை.

ஓராண்டு முடிந்து செயற்கைக்கோள் திரும்பிப் போன பின், 1977இல் குல்பர்காவில் தரைவழி நிலையம் வந்தது. எனவே வலைக்குடை எத்தனை நாள் இருந்தது, அதன் பிறகு கம்பி ஆன்டெனா வந்ததா என்று அவரிடம் கேளுங்கள். அந்தச் சோதனையைப் பற்றிய அறிக்கைகள் ஏராளமாக உண்டு. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த குழந்தைகள் சொன்னவை குறைவாகவே பதிவாகியுள்ளன. அவர் சொல்லச் சொல்ல, அவருடைய மொழியிலேயே ஒலிப்பதிவு செய்து வையுங்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர்கள் நாங்கள். 1976இல் செயற்கைக்கோள் வழியாகத் தமிழில் பாடம் பார்த்தோம் என்று ஒருவர் சொல்கிறார். இல்லை, 1984இல் நண்பகலில் ஆங்கிலத்தில்தான் பார்த்தோம் என்கிறார் இன்னொருவர். பெட்டியில் கன்னடம்தான் பேசியது என்பது மூன்றாமவர் கட்சி. யார் சொல்வது சரி?

பதில்: முதலாமவர் சொல்வது நடந்திருக்க முடியாது. மேலே சொன்ன சோதனையில் தமிழ்நாடு இடம்பெறவில்லை. பள்ளி நிகழ்ச்சிகள் இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா மொழிகளில்தான் இருந்தன. சென்னை நிலையம் பள்ளிப் பாடங்களை ஒளிபரப்பியது உண்மையே. ஆனால் சென்னைக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஒளிபரப்பை வாங்கி மீண்டும் அனுப்பும் அஞ்சல் (ரிலே) நிலையங்கள் வருவதற்கு முன் அவ்வளவு தொலைவிலிருந்து ஒரு பள்ளி நாள்தோறும் பாடம் கேட்குமளவுக்குப் படம் நின்றிருக்காது. அவர் வேறோர் ஊரில் பார்த்ததை உங்கள் பள்ளியோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கலாம், அல்லது ஆண்டு பிசகியிருக்கலாம்.

இரண்டாமவர் சொல்வதற்கு வலுவான அடிப்படை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘கண்ட்ரிவைட் கிளாஸ்ரூம்’ 1984 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அது ஆங்கிலத்தில் வந்தது. 1983இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி செயற்கைக்கோள் வழியாக நாடெங்கும் சென்றது. அதே 1984இல் குறைந்த திறன் அஞ்சல் நிலையங்களும் நாடெங்கும் விரைந்து நிறுவப்பட்டன. ஆனால் அது கல்லூரி மாணவர்களுக்கானது. பள்ளியில் பெட்டி இருந்தபடியால் ஆசிரியர் ஒருவர் ஆர்வத்தோடு போட்டுக் காட்டியிருக்க வேண்டும். பாடத்திட்டத்தில் இல்லாததைப் பிள்ளைகளுக்குக் காட்டிய அந்த ஆசிரியர் யார் என்று தேடிக் கண்டுபிடியுங்கள் என்பேன்.

மூன்றாமவரையும் ஒதுக்கிவிடாதீர்கள். பெங்களூர்த் தொலைக்காட்சி நிலையம் 1981 நவம்பர் 1 அன்று தொடங்கியது. ஓசூர் அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி அதைவிட இரு மடங்குக்கும் மேல். ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கத்தில் ஆன்டெனாவைப் பெங்களூரை நோக்கித் திருப்பியது இயல்பு; கிருஷ்ணகிரியிலும் உயரமான கம்பத்தில் பூஸ்டரோடு மாட்டியிருந்தால் புள்ளிப்புள்ளியாகவேனும் கன்னட நிகழ்ச்சிகள் வந்திருக்கும். பள்ளிக் கூரையில் கம்பம் நடப்பட்ட துளையோ இரும்புப் பட்டையோ எஞ்சியிருக்கிறதா பாருங்கள். இரண்டாமவரும் மூன்றாமவரும் ஒரே பெட்டியை, வெவ்வேறு ஆண்டுகளில் பார்த்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: அரூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். பழைய மாணவர்களிடம் வகுப்பறைத் தொலைக்காட்சி நினைவுகளைத் தொகுக்க விரும்புகிறேன். ‘எந்த ஆண்டு, என்ன நிறுவனம்’ என்று கேட்டால் எல்லாரும் விழிக்கிறார்கள். எப்படிக் கேட்க வேண்டும்?

பதில்: ஆண்டைக் கேட்காதீர்கள் ஐயா; அந்த ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா விண்வெளியிலிருந்து இந்திரா காந்தியோடு பேசியதை அந்தப் பெட்டியில் பார்த்தீர்களா? அதே ஆண்டு நவம்பரில் இந்திரா காந்தியின் இறுதி ஊர்வலத்தை? 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது பள்ளிப் பெட்டி திறந்திருந்ததா, அல்லது ஊராட்சி அறைக்கு ஓடினீர்களா? ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டால் நினைவு தானாகவே வகுப்பையும் ஆண்டையும் கொண்டுவந்து சேர்க்கும்.

அதன் பிறகு கண்ணும் காதும் கையும் அறிந்ததைக் கேளுங்கள். பெட்டியை அடையாளம் காண இவையே பேருதவி. போட்டவுடன் படம் வந்ததா, சற்று நேரம் காத்திருக்க வேண்டியிருந்ததா? நிறுத்தும்போது நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி சுருங்கி மறைந்ததா? அப்படியானால் பழைய கறுப்பு வெள்ளை. போட்ட கணத்தில் ‘டும்’ என்று ஓர் ஒலி கேட்டுத் திரை ஒரு நொடி நடுங்கியதா? அது திரையின் காந்தத்தன்மையை நீக்கும் கம்பிச் சுருளின் வேலை. வண்ணப் பெட்டிக்கே உரியது. பெட்டி ஓடும்போது மிக மெல்லிய கூவல் ஒன்று கேட்டதாகச் சிலர் சொல்வார்கள், ஆசிரியர்களோ அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பார்கள். இருவர் சொல்வதும் மெய். நம் அக்கால ஒளிபரப்பில் நொடிக்கு 15,625 கோடுகள் திரையில் வரையப்பட்டன. அந்த அதிர்வின் கூர்மையான ஒலி குழந்தைகளின் காதுக்கு எட்டும், வயதானவர்களின் காதுக்கு எட்டாது. திரைக்கு அருகே முழங்கையைக் கொண்டுபோனால் ரோமம் சிலிர்த்து எழுந்ததா என்றும் கேளுங்கள். அந்த விளையாட்டை மறந்தவரை நான் பார்த்ததில்லை.

சாவி யாரிடம் இருந்தது என்பது இன்னொரு நல்ல கேள்வி. தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையிலா, அறிவியல் ஆசிரியரின் இடுப்பிலா என்பதை வைத்துப் பெட்டி பாடத்துக்குப் பயன்பட்டதா, விருந்தாளி வரும் நாளுக்கு மட்டும் திறந்ததா என்று அறியலாம். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின், மைய அரசின் கல்வித் தொழில்நுட்பத் திட்டத்தில் பள்ளிகளுக்கு வண்ணத் தொலைக்காட்சிகளும், வானொலியோடு சேர்ந்த டேப்ரிக்கார்டர்களும் வழங்கப்பட்டன. ஆகவே ‘டி.வி.யோடு ரேடியோப் பெட்டியும் வந்தது’ என்று யாராவது சொன்னால் அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். 1990களின் நடுவில் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தில், தமிழ்நாட்டின் முதற்கட்ட மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. அக்காலத்தில் உருவான வட்டார வள மையங்களில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களையும் விட்டுவிடாமல் கேளுங்கள்.

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். சொன்னால், இரண்டாமவரும் அதையே தம் நினைவாக நம்பிச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

கேள்வி: ஊத்தங்கரை அருகே எங்கள் பள்ளியில் 14 அங்குல வண்ணப் பெட்டி ஒன்று இருக்கிறது. இதுவும் பழம்பொருள்தானா?

பதில்: நீங்கள் சொல்லும் அளவு, 2006 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் பெட்டியை நினைவூட்டுகிறது. 2011இல் ஆட்சி மாறி அத்திட்டம் நிறுத்தப்பட்டபோது, வழங்கப்படாமல் எஞ்சிய பெட்டிகளை அரசுப் பள்ளிகள், அங்கன்வாடிகள் போன்ற இடங்களுக்குக் கொடுத்தார்கள். யாரேனும் தம் வீட்டுப் பெட்டியைப் பள்ளிக்கு அளித்திருக்கவும் கூடும். எது என்பதைத் தளவாடப் பதிவேட்டின் 2011, 2012ஆம் ஆண்டுப் பக்கங்கள் சொல்லும். பெட்டி நல்ல நிலையில் இருந்தால், அதன் மஞ்சள், வெள்ளைத் துளைகளில் செட்டாப் பெட்டியை இணைத்து, 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியை அதிலேயே பார்க்கலாம். அதற்கு முன் மெக்கானிக் ஒருவர் மின்கம்பியையும் பிளக்கையும் மட்டுமாவது மாற்றித் தரட்டும்.